புதிதாக வந்த பயந்த பூனை: உண்ணாமை, ஒளிதல், கத்தல் ஆகியவற்றை அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

தெருவிலிருந்து மீட்கப்படும் பூனைகளைச் சில வாரங்கள் வீட்டில் வைத்துத் தேற்றி, பிறகு தத்துக் கொடுத்து வருகிறேன். அழைத்துச் சென்றவர்களிடமிருந்து முதல் வாரத்தில் வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே சில புகார்களைச் சுற்றியே அமைகின்றன: சாப்பிடவில்லை, கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை, இரவெல்லாம் கத்துகிறது. அச்சத்தால் உண்ணாத பூனையும் நோயால் உண்ணாத பூனையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதலாவதற்குத் தேவையான பொறுமை இரண்டாவதற்கு ஆபத்தாக முடியும் என்பதால், இரண்டையும் பிரித்தறியும் வகையில் இந்த வழிமுறையை எழுதியுள்ளேன். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணங்கள் முதலிலும், மருத்துவம் தேவைப்படும் காரணங்கள் பின்னரும் வருகின்றன.

எதையும் மாற்றுவதற்கு முன் குறிக்க வேண்டியவை

பூனை உங்கள் முன்னால் உண்ணவில்லை என்பதும் அது உண்ணவே இல்லை என்பதும் வெவ்வேறு செய்திகள். எனவே உணவைச் சமையலறைத் தராசில் நிறுத்து வையுங்கள். காலையில் மீதியை மீண்டும் நிறுத்து, குறைந்த அளவை எழுதுங்கள். மணல் தட்டில் எத்தனை ஈரக் கட்டிகள் உள்ளன, மலம் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். நல்ல நிலையிலுள்ள பூனை நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு முறை சிறுநீர் கழிக்கும். பின்னால் மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால், அவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு இந்தக் குறிப்பே விடையாகும்.

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே படிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்

பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. கடுவன் பூனை மணல் தட்டில் மீண்டும் மீண்டும் குந்தி முக்கியும் சிறுநீர் வரவில்லை. சிறுநீர்த் தாரை அடைபட்ட ஆண் பூனை ஓரிரு நாட்களுக்குள் இறந்துவிடக்கூடும், இதில் காலை வரை காத்திருப்பதே தவறு. ஈறுகள் வெளுத்தோ மஞ்சளாகவோ உள்ளன. தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் பேதியுமாகச் சோர்ந்து கிடக்கிறது. மூன்று மாதத்துக்கும் குறைந்த குட்டி அரை நாளாக எதையும் உண்ணவில்லை. வீட்டில் யாராவது அதற்குப் பாராசிட்டமால் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லக்கூடியது.

அறிகுறி 1: உணவைத் தொடவே இல்லை

வளர்ந்த பூனையாக இருந்து, வந்த முதல் நாள் முழுவதும் எதையும் உண்ணாவிட்டால் அச்சம் என்று கொண்டு கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்யலாம். முழுமையாக இரண்டு நாள் உண்ணாத பூனைக்கு இனிக் காத்திருக்க இடமில்லை. பட்டினி கிடக்கும் பூனையின் உடல், சேர்த்து வைத்த கொழுப்பைக் கல்லீரலுக்கு அனுப்புகிறது; கல்லீரல் அதைக் கையாள முடியாமல் கொழுப்பு படிந்து செயலிழக்கத் தொடங்குகிறது. பருத்த பூனைகளுக்கு இது இன்னும் விரைவில் வரும் என்பதால், ‘கொழுகொழுவென்றுதானே இருக்கிறது, இரண்டு நாள் தாங்கும்’ என்ற கணக்கு இங்கே நேர்மாறாகப் போகும்.

*தட்டு எங்கே இருக்கிறது?* நடு அறையில், சுவர்த் துணையின்றி வைக்கப்பட்ட தட்டை நோக்கி ஒரு பயந்த பூனை நடந்து வராது. அது ஒளிந்திருக்கும் இடத்திலிருந்து ஒரு கை நீளத்துக்குள் தட்டை நகர்த்துங்கள். மணல் தட்டு உணவிலிருந்து அறையின் எதிர் மூலையில் இருக்கட்டும். கழிக்கும் இடத்துக்கு அருகில் பூனை உண்ண விரும்பாது. குக்கர் விசிலும் மிக்ஸி ஓசையும் கேட்கும் சமையலறையை ஒட்டிய இடம் முதல் வாரத்துக்கு ஏற்றதன்று. குழிந்த கிண்ணத்தைக் காட்டிலும் அகன்ற, தாழ்ந்த தட்டு நல்லது. தரையில் உரசி ஒலி எழுப்பும் எவர்சில்வர் தட்டுக்கு அடியில் ஒரு பழைய துணியை மடித்துப் போடுங்கள்.

*எறும்பு ஏறியிருக்கிறதா?* இதைப் பலரும் கவனிப்பதில்லை. இரவில் வைத்த உணவில் எறும்பு மொய்த்துவிட்டால் பூனை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிவிடும். காலையில் நாம் ‘சாப்பிடவில்லை’ என்று குறித்துக்கொள்வோம். பெரிய தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றி, அதன் நடுவே உணவுத் தட்டை வைத்தால் போதும். எறும்பு மருந்துப் பொடியோ எறும்புச் சாக்கட்டியோ அந்த அறையில் வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு வகை நஞ்சைப் பூனையின் உடலால் எளிதில் சிதைத்து வெளியேற்ற முடியாது. நம் ஊர் வெயிலில் ஈர உணவு விரைவில் கெடும். பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

*அறையில் என்ன வாசனை?* பூனை வந்த நாளில் வீட்டைச் சுத்தமாக்கும் எண்ணத்தில் ஃபினாயில் ஊற்றித் துடைத்திருப்பீர்கள். கடும் வாசனை பூனையை உணவிலிருந்து விரட்டும் என்பது ஒருபுறம். ஃபீனால் கலந்த திரவத்தில் நடந்த பாதத்தை நக்கும்போது அது நேராக வயிற்றுக்குச் செல்லும் என்பது இன்னும் பெரிய கேடு. வெந்நீரும் சிறிது பாத்திரம் துலக்கும் சோப்பும் போதுமானவை. சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திச் சுருள், நாப்தலின் உருண்டை ஆகியவற்றையும் அந்த அறையிலிருந்து விலக்கி வையுங்கள்.

*இது அதற்குத் தெரிந்த உணவுதானா?* என் அனுபவத்தில் மிக அதிகமாகக் காணும் காரணம் இதுவே. தெருவில் வளர்ந்த பூனை யாரோ ஒருவர் வீட்டு வாசலில் மீன் கலந்த சோறோ தயிர்சாதமோ உண்டு வளர்ந்திருக்கும். கடையில் வாங்கிய உலர் உணவு உருண்டைகளை அது உணவென்றே அறியாது. முன்பு என்ன உண்டது என்று மீட்டவரிடம் கேட்டு, முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அதை ஒட்டிய உணவையே கொடுங்கள். உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி, அல்லது முள் நீக்கி வேகவைத்த மத்தி அல்லது நெத்திலி, அதன் வெந்த நீரோடு சேர்த்துப் பிசைந்து வைத்தால் பெரும்பாலான பூனைகள் வழிக்கு வரும். மத்தியையும் நெத்திலியையும் பச்சையாக வைக்காதீர்கள். பச்சை மீனில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1ஐ அழிக்கிறது, வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும். கருவாட்டில் உப்பு மிகுதி. குழம்பில் நனைந்த மீனைக் கொடுக்கவே கூடாது, ஏனெனில் வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

உணவை உடல் சூட்டளவுக்கு வெதுவெதுப்பாக்கி வைப்பதும் பலன் தரும். பூனை சுவையைக் காட்டிலும் மணத்தை நம்பியே உண்கிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உணவுக்கு மணமே இருப்பதில்லை. உண்ணத் தொடங்கிய பிறகு, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை எடுத்துக்கொண்டு, பூனைகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட உணவைச் சிறிது சிறிதாகக் கலந்து கூட்டுங்கள். தயிர்சாதத்தில் பூனைக்கு இன்றியமையாத டாரின் என்னும் அமினோ அமிலம் போதிய அளவு இல்லை. அது தொடர்ந்து குறைந்தால் பூனையின் கண்ணும் இதயமும் பழுதாகும். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு உலர் உணவு ஏறத்தாழ 50 முதல் 60 கிராம் வேண்டும். முதல் நாட்களில் இதில் பாதி இறங்கினாலும் கவலைப்பட வேண்டாம். இரண்டு நாட்களாகப் பாதியைக்கூட எட்டாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

*தட்டு வரை வருகிறது, முகர்கிறது, உண்ணாமல் திரும்புகிறது என்றால்* அச்சத்தைவிட நோயையே முதலில் ஐயுற வேண்டும். மூக்கில் சளி, தும்மல், கண்ணில் பீளை இருந்தால் மணம் தெரியாததால் உண்ணாமல் இருக்கும். மீட்பிடங்களிலிருந்து வரும் பூனைகளுக்கு இந்தத் தொற்று மிகவும் சாதாரணமானது. எச்சில் ஒழுகுவது, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்லுவது, வாயில் எடுத்த துண்டைக் கீழே போடுவது ஆகியவை வாய்ப்புண்ணையோ பல் நோயையோ காட்டுகின்றன. இவற்றுக்கு வீட்டு வைத்தியம் இல்லை.

*மருத்துவர் என்ன செய்வார்?* உடல் சூட்டைப் பார்ப்பார், 38.1 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. வாயையும் ஈறுகளையும் பார்த்து, தேவையானால் நீரேற்றமும் குமட்டலைத் தணிக்கும் மருந்தும் பசியைத் தூண்டும் மருந்தும் தருவார். இத்துடன் பெரும்பாலான பூனைகள் தேறிவிடும். இரத்தப் பரிசோதனையும் குழாய் வழி உணவும் செலவு மிக்கவை. ஆனால் நாள் கடத்திய பூனைகளுக்கே அவை தேவைப்படுகின்றன.

ஊசியில்லாச் சிரிஞ்சால் வாயில் உணவைத் திணிப்பதை மருத்துவர் கற்றுக்கொடுக்காமல் செய்யாதீர்கள். உணவு நுரையீரலுக்குள் போகலாம். போகாவிட்டாலும், அந்த உணவையும் உங்கள் கையையும் சேர்த்தே அது வெறுக்கத் தொடங்கும்.

அறிகுறி 2: நள்ளிரவில் மட்டும் உண்கிறது

எடைக் குறிப்பில் உணவு குறைகிறது, மணல் தட்டிலும் ஈரம் இருக்கிறது என்றால் இங்கே சரிசெய்ய வேண்டிய பழுது ஒன்றுமில்லை. வீடு அடங்கிய பிறகு உண்பது பயந்த பூனையின் இயல்பு. தட்டை வைத்துவிட்டு அறையிலேயே ஒரு மூலையில், பூனைக்குப் பக்கவாட்டாக அமர்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருங்கள். நீங்கள் இருக்கும்போதே அது உண்ணத் தொடங்கிய பிறகு, நாளுக்கு ஒரு சாண் அளவு உங்கள் இருக்கையை நெருக்கமாக்கலாம். உண்பதை நிறுத்தி உங்களைப் பார்த்தால், முந்தைய நாளின் தொலைவுக்குத் திரும்புங்கள்.

அறிகுறி 3: ஒளிந்த இடத்திலிருந்து வெளியே வரவில்லை

*எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியவில்லை என்றால்* பரண், வாஷிங் மெஷினின் உட்புறமும் பின்புறமும், சோபாவின் அடித்துணிக்குள், பீரோவுக்கும் சுவருக்கும் இடையில், குளியலறை வெண்டிலேட்டர் விளிம்பு என்று வரிசையாகப் பாருங்கள். பூனை கண்ணில் படும் வரை வாஷிங் மெஷினை இயக்காதீர்கள். பால்கனிக் கதவும் கம்பியில்லாச் சன்னல்களும் மூடியிருக்கட்டும்.

*இடம் தெரியும், ஆனால் வரவில்லை என்றால்* பெரும்பாலும் காரணம் வீடு அதற்குப் பெரிதாக இருப்பதே. முழு வீட்டையும் திறந்துவிட்டிருந்தால் ஒரே ஓர் அறைக்குள் சுருக்குங்கள். அந்த அறையில், எட்ட முடியாத பொந்துகளைப் பழைய போர்வையால் அடைத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வாயில்கள் வெட்டி வையுங்கள். ஒளியும் இடத்தைப் பறித்தால் பூனை விரைவில் பழகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். நெதர்லாந்தில் ஒரு பூனைக் காப்பகத்தில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், பெட்டி கொடுக்கப்பட்ட பூனைகளே முதல் நாட்களில் குறைந்த மன அழுத்தத்தோடு இருந்து விரைவாகத் தேறின.

கையை நீட்டி இழுக்காதீர்கள், உறவினர்களுக்குக் காட்டுவதற்காகப் பெட்டியைத் தூக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால், ‘பூனை தானாக வந்தால் தொடலாம், நாமாகப் போகக் கூடாது’ என்ற ஒரே விதியைச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் பெரியவர்களைவிட நன்றாகவே கடைப்பிடிப்பார்கள். பூனையின் கண்ணை நேருக்கு நேர் உற்று நோக்காமல், மெதுவாக இமைகளைத் தாழ்த்தி மூடித் திறங்கள். இவ்வாறு இமைத்தவர்களின் கையை நோக்கிப் பூனைகள் வர முனைந்ததை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் பதிவுசெய்துள்ளார்கள். என்னிடம் வந்த பூனைகளில் மிகவும் மிரண்டவற்றிடமும் இது பலித்திருக்கிறது.

*ஒரு வாரத்துக்குப் பிறகும் பகலில் வரவில்லை, ஆனால் உண்கிறது, கழிக்கிறது என்றால்* காத்திருங்கள். மனிதரோடு பழகாமல் வளர்ந்த பூனைக்கு மாதங்களும் ஆகலாம். *வெளியே வந்து பழகிய பூனை திடீரென்று மீண்டும் ஒளிந்தால்* வலியோ காய்ச்சலோ இருக்கக்கூடும். அது உறங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள்; 30க்கு மேல் தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி 4: மணல் தட்டுக்கு வெளியே கழிக்கிறது

முதலில் தட்டைப் பாருங்கள். பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளம், இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு மணல், மூடியில்லாத அமைப்பு, வாசனை சேர்க்காத மணல் ஆகியவை அடிப்படைத் தேவைகள். மண்ணில் கழித்துப் பழகிய தெருப் பூனைக்குக் கடையில் வாங்கிய மணல் புரியாவிட்டால், மேலே ஒரு படலம் ஆற்று மணலையோ தோட்ட மண்ணையோ தூவுங்கள். ஒரு நாளுக்கு இருமுறை அள்ளுங்கள். வெளியே கழித்த இடத்தில் நொதி கலந்த துப்புரவுத் திரவத்தைப் பயன்படுத்துங்கள். வாசனை மிச்சமிருந்தால் அது அங்கேயே திரும்பும்.

நின்றபடி, வாலை நடுக்கிக்கொண்டு சுவரில் பீய்ச்சினால் அது எல்லை குறிக்கும் செயல். பெரும்பாலும் கருத்தடை அறுவைக்குப் பின் நின்றுவிடும். சிறிது சிறிதாகப் பலமுறை கழித்தால், இரத்தம் தெரிந்தால், அல்லது ஒரு முழு நாள் சிறுநீரே இல்லாவிட்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அச்சமே பூனையின் சிறுநீர்ப்பையை அழற்சி அடையச் செய்வதுண்டு, ஆகவே புதுப் பூனையிடம் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

அறிகுறி 5: இரவு முழுவதும் கத்துகிறது

பசியா என்று முதலில் பாருங்கள்: நாளின் கடைசி உணவை, நீங்கள் படுக்கப் போகும் நேரத்துக்குத் தள்ளி, அதற்கு முன் பத்து நிமிடம் ஒரு கயிற்றை இழுத்து விளையாட வையுங்கள். அதன் பிறகும் கத்தினால், எழுந்து போய் உணவு கொடுக்காதீர்கள்; கத்தினால் உணவு வரும் என்று ஒரே இரவில் கற்றுக்கொள்ளும். உடன்பிறந்த குட்டியைப் பிரிந்து வந்திருந்தால், பழைய இடத்தில் அது படுத்த துணியைத் துவைக்காமல் வாங்கி வந்து பெட்டிக்குள் போடுங்கள்.

நான்கு மாதங்களைக் கடந்த பெண் பூனை அடிவயிற்றைத் தரையில் உரசி, பின்பகுதியைத் தூக்கி, இழுத்து இழுத்துக் கத்தினால் அது பருவக் கத்தல். பயம் என்று எண்ணிக் காத்திருந்தால், திறந்த சன்னல் வழியே போய்விடும். கருத்தடைக்கு நாள் குறித்து வாங்குங்கள். முதிய பூனை வயிறாற உண்டும் மெலிந்துகொண்டே கத்தினால் தைராய்டு மற்றும் இரத்த அழுத்தப் பரிசோதனை தேவைப்படும்.

அறிகுறி 6: சீறுகிறது, கீறுகிறது, கடிக்கிறது

சீறுவது ‘இதற்கு மேல் வராதே’ என்ற வேண்டுகோள். அதற்குப் பணிந்து ஓரடி பின்வாங்குவதே சரியான விடை. அதட்டுவதும் தண்ணீர் தெளிப்பதும் அச்சத்தைக் கூட்டும். நீண்ட கரண்டியின் நுனியில் கோழிக்கூழைத் தடவி நீட்டுங்கள். கரண்டியிலிருந்து உண்ணப் பழகிய பூனைதான் பின்னர் விரலை முகர வரும். ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொடும்போது மட்டும் கடித்தால் அங்கே காயமோ சீழ்க்கட்டியோ இருக்கலாம்.

கடியோ கீறலோ தோலைக் கிழித்துவிட்டால், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசமாகப் போடப்படுகிறது. மஞ்சள் தடவுவது, சுண்ணாம்பு வைப்பது வேண்டாம். கடித்தது வீட்டுப் பூனைதானே என்று விடாதீர்கள். அது தெருவில் இருந்த நாட்களைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே போராக இருக்கும் பூனைகளுக்கு, வீட்டிலேயே முன்கூட்டிக் கொடுக்கும் அமைதி மருந்தை மருத்துவர் எழுதித் தருவார், தயங்காமல் கேளுங்கள்.

அறிகுறி 7: உண்கிறது, ஆனால் பேதியாகிறது

பால் கொடுத்திருந்தால் நிறுத்துங்கள். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது. உணவை ஒரே நாளில் மாற்றியிருந்தால் பழைய உணவுக்குத் திரும்பி மெதுவாக மாற்றுங்கள். குடற்புழு நீக்கம் எப்போது செய்யப்பட்டது என்று கேளுங்கள். இரண்டு நாளில் நிற்காவிட்டாலும், இரத்தம் கலந்தாலும், சோர்ந்தாலும் புதிய மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

அறிகுறி 8: பழகி வந்தது, மறுபடியும் முதல் நாள் நிலைக்குப் போய்விட்டது

விருந்தினர், வர்ணம் பூசும் வேலை, மேல்மாடியில் டைல்ஸ் வெட்டும் ஓசை, தீபாவளிப் பட்டாசு ஆகியவற்றில் ஒன்று நடந்திருக்கும். மீண்டும் அதே ஓர் அறை, அதே பெட்டி, அதே பழைய உணவு என்று தொடங்குங்கள். இந்த முறை தேறுவதற்கு முதல் முறை எடுத்த காலம் ஆகாது. தீபாவளி வருகிறது என்று தெரிந்தால் இரண்டு நாள் முன்பே சன்னல்களை அடைத்து, திரை தொங்கவிட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, பெட்டியின் மேல் கனத்த போர்வையைப் போர்த்துங்கள். அந்த இரவில் உணவைத் தொடாவிட்டால் கவலை வேண்டாம். மறுநாள் இரவுக்குள் தட்டின் எடை குறையவில்லை என்றால் மீண்டும் அறிகுறி 1இன் சோதனைகளைத் தொடங்குங்கள்; இரண்டு நாள் கணக்கு பட்டாசு வெடித்த இரவிலிருந்தே ஓடுகிறது.